ஏழாவது மாடியில் அப்பா

"தடால்!"

முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது லிஃப்ட்காரர் சமையலறையில் மைதாப் பசை கிண்டிக்கொண்டிருந்தார். சத்தத்துக்குப் பிறகு ஒரு நொடி அமைதி. அப்புறம் ஏதோ சின்னச் சின்னதாகத் தரையில் உருண்டோடும் ஓசை. இருபது வருடமாக லிஃப்ட் பழுது பார்த்தவருக்கு விழுந்தது எது என்று காதே சொல்லிவிட்டது. கையில் கரண்டியோடு ஓடினார்.

"அப்பா, அஞ்சாவது மாடியிலேருந்து விழுந்துடுச்சு! பதினொரு பேர் காலி!" என்றாள் ஏழு வயது மகள். அவள் முகத்தில் கவலையே இல்லை.

பதினொரு பேரும் சட்டைப் பொத்தான்கள். விழுந்த லிஃப்ட் ஒரு சோப்பு டப்பா. அது ஏறி இறங்கிய கட்டடம், செருப்புக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய ஐந்து மாடிகள்.

கதவோரம் நாற்காலியில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த தாய்மாமன் தலையை நிமிர்த்தினான். "என்னத்தான், உங்க லிஃப்ட்ல ஏறினா நேரா மேலோகம்தான் போலருக்கு?"

"எட்டு பேர் ஏற வேண்டியதுல பதினொரு பேரை ஏத்தினா எமன்தான் மாப்ள ஆபரேட்டர்." என்றவர் மகளிடம் திரும்பினார். "இன்ஸ்பெக்டர் அம்மா, எண்ணிப் பாத்து ஏத்தணும்னு சொன்னேன்ல?"

"எல்லாரும் ஒரே குடும்பம்ப்பா. பிரிச்சு ஏத்தினா அழுவாங்க."

லிஃப்ட்காரர் குனிந்து பொத்தான்களைப் பொறுக்கினார்.

விவாகரத்து ஆகி ஒன்றரை வருடம். 'அத்தான்', 'மாப்ள' என்ற இரண்டு சொற்களையும் எந்த நீதிமன்றமும் ரத்து செய்யவில்லை. மற்ற எல்லாவற்றையும் செய்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை மகள் அவருடையவள். அவளை அழைத்து வரவும், கூட இருக்கவும், அழைத்துப் போகவும் தாய்மாமன். வாரத்தில் நூற்று அறுபத்தாறு மணி நேரம் அந்த இரண்டு மணி நேரத்துக்காகக் காத்திருப்பதுதான் அந்த மனிதரின் வாழ்க்கை.

கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். ஆனால் வீட்டில் இருக்கமாட்டார். எங்கோ எவரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டால் போன் வரும், கிளம்பிவிடுவார். மகளின் முதல் பிறந்தநாளன்று வீட்டில் கேக் வெட்டிய நேரத்தில், ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் இருட்டுக் கிணற்றுக்குள் கம்பி வடத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அன்று மனைவி சொன்ன வார்த்தை அவர் காதில் இன்றும் துருப்பிடிக்கவில்லை. "ஊரையெல்லாம் ஏத்தி இறக்குறீங்க. எங்களத்தான் நடுவழியில நிறுத்திட்டீங்க."

இதில் இன்னொரு கொடுமை. அவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடம். மூன்றாவது மாடி.

ஒரு வருடத்துக்கு மேல் ஞாயிறுகள் எல்லாம் நரகம். பொம்மை வாங்கி வைப்பார். குழந்தை பிரிப்பாள், பார்ப்பாள், வைப்பாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். "பெரிய முள்ளு எங்க வந்தா போலாம் மாமா?" என்று அவள் கேட்டதைத் தண்ணீர் எடுக்கப் போன இடத்திலிருந்து கேட்டார். தம்ளரை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். அழுகைச் சத்தம் வெளியே கேட்கக்கூடாதே!

அப்போதுதான் நூலகத்தின் குழந்தைகள் அறையில் சனிக்கிழமைதோறும், சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். பிள்ளை இல்லாமல் தனியாக வந்த ஒரே ஆள் அவர். அம்மாக்கள் சந்தேகமாகப் பார்த்து, தங்கள் பிள்ளைகளை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, லிஃப்ட் சர்வீஸ் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். போர்வையைக் கயிற்றில் போட்டுக் கூடாரம். டார்ச் வெளிச்சத்தில் விரல் நிழல். வெறும் தண்ணீரைத் தொட்டுச் சுவரில் படம் வரைந்து, வெயில் அதை அழிப்பதற்குள் அடுத்ததை வரைவது. தெருவில் நடந்து எத்தனை நீலக் கதவு என்று எண்ணிவிட்டு வருவது.

எல்லாரும் போன பிறகு, விளையாட்டு சொல்லிக்கொடுத்த டீச்சர் அவரிடம் வந்தார். "உங்க பாப்பா எங்க சார்?"

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார்.

டீச்சர் கத்தரிக்கோல்களை எடுத்து வைத்தார். பிறகு, "ரெண்டு மணி நேரத்துல எல்லாத்தையும் பண்ணி முடிச்சுடாதீங்க சார். ஏதாவது ஒண்ணைப் பாதியில விடுங்க. மீதிப் பாதிக்கு அவளே ஓடி வருவா" என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் பத்து மாடிக் கட்டடம். வாரத்துக்கு ஒரு மாடி. அதற்கு மேல் ஒரு அட்டைகூட ஒட்டக்கூடாது. பத்தாவது மாடி வந்தால் மகளின் உச்சந்தலை உயரம். நூல்கண்டுச் சக்கரம், தையல் நூல், சோப்பு டப்பாவுக்கு எதிர்ப்பாரமாக ஒரு ரப்பர். "இது இறங்கினா அது ஏறும். அது இறங்கினா இது ஏறும்" என்று அவர் காட்டியபோது குழந்தை வாயைப் பிளந்தாள். கடிகாரத்தை அன்று அவள் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே படியில் தடதடவென்று கால் சத்தம்.

முதல் மாடி கடை. இரண்டாவது, வீட்டுப்பாடம் இல்லாத பள்ளிக்கூடம். மூன்றாவது மாடியில் தீப்பெட்டிக் கட்டில் போட்டு, "இது அம்மா வீடு" என்றாள்.

"அப்பா வீடு?"

"ஏழாவது மாடி. இன்னும் வரலல்ல, இரு. அது ஃபுல்லா நான்தான் பண்ணுவேன். நீல கலர்."

"அப்ப நீ எங்க இருப்ப கண்ணு?"

"லிஃப்ட்ல" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பது போல. "மேலயும் கீழயும் போயிட்டே இருப்பேன்."

தாய்மாமன் அன்று போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவன் விரலும் நகரவில்லை.

சோப்பு டப்பா விழுந்த அன்று, புது நூல் கட்டி ஆறாவது மாடியை ஒட்டும்போது அவள் கேட்டாள்: "நெஜ லிஃப்ட் கட்டி முடிச்சதும் என்னப்பா பண்ணுவ?"

"ஒப்படைப்போம். சரியா ஓடுதான்னு பாத்துட்டு சீட்டுல கையெழுத்து போட்டுத் தருவாங்க. அதோட அந்தப் பக்கம் போகமாட்டோம்."

"எப்பவுமேவா?"

"கெட்டுப்போனா கூப்பிடுவாங்க. கெட்டுப்போகலன்னா எனக்கு அங்க என்னடா வேலை?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாவி மனுஷன், வாயை மூடிக்கொண்டு பசை தடவியிருக்கக்கூடாதா!

அந்தச் செவ்வாய்க்கிழமை வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. மனைவிக்கு எட்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் வேலை மாற்றம். இனி ஞாயிறு சந்திப்பு நடக்காது. பள்ளி விடுமுறைகளில் குழந்தை அப்பா வீட்டில் வந்து தங்கலாமா என்று குழந்தையையே கேட்டு முடிவு செய்யப் போகிறார் நீதிபதி. வரும் திங்கட்கிழமை. மகள் வாயிலிருந்து ஒரு 'ஆமாம்' வந்தால் வருடத்தில் நாற்பது நாள் அவள் இந்த வீட்டில் தூங்கி எழுவாள். வராவிட்டால் போனில் குரல் மட்டும்.

புதன்கிழமை லீவு போட்டார். பகல் முழுக்க அட்டைக் கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரே ஒரு ஞாயிறு. மாடிகளோ நான்கு பாக்கி. ஒருவேளை இதுதான் கடைசி என்றால்? அந்தச் சோப்பு டப்பா ஒரு தடவையாவது உச்சிக்குப் போவதை என் குழந்தை பார்க்க வேண்டாமா? அரைகுறை லிஃப்டை விட்டுவிட்டு வந்து அவருக்குப் பழக்கமில்லை. இருபது வருடத்தில் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. கை கேட்கவில்லை. பெட்டியை எடுத்தார்.

ஏழாவது மாடிக்கு நீல வண்ணம் அடித்தார். அட்டையில் நாற்காலி வெட்டினார். ஜன்னல் வைத்தார். சாயங்காலத்துக்குள் பத்து மாடியும் எழும்பி நின்றன. எவ்வளவு நேர்த்தி! அளவு பிசகாமல், கோடு கோணாமல், ஒரு சொட்டுப் பசை வழியாமல்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில் ஒரு பை. அதில் நீலத் துணி, நீலக் காகிதம், உடைந்த நீல வளையல்.

"முடிச்சுட்டியா?" என்றாள்.

"சர்ப்ரைஸ் கண்ணு! பத்து மாடி! வா, வந்து ஓட்டிப் பாரு!"

வந்தாள். ஓட்டினாள். சோப்பு டப்பா சிக்காமல், குலுங்காமல் உச்சிக்குப் போய்த் திரும்பி வந்தது. "நல்லா ஓடுது" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. அவர் மகிழ்ந்து போய், விளையாட்டாக ஒரு நிஜ ஒப்படைப்புச் சீட்டை நீட்டினார். "இன்ஸ்பெக்டர் அம்மா, கையெழுத்து!"

குழந்தை அந்தச் சீட்டை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பென்சிலை அழுத்திப் பிடித்து, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். நீலப் பையை அவள் பிரிக்கவே இல்லை. பன்னிரண்டு வரை கூடாரம் போட்டார்கள், நிழல் காட்டினார்கள். நடுவில் இரண்டு தடவை அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவருக்கு அப்போதுகூடப் புரியவில்லை.

திங்கட்கிழமை புரிந்தது.

நீதிபதி தன் அறையில் குழந்தையோடு பேசிவிட்டுப் பெற்றவர்களைக் கூப்பிட்டார். "குழந்தை தெளிவா சொல்றா. அப்பா வீட்டுல வேலை முடிஞ்சிடுச்சாம். கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாளாம். இனிமே அங்க போக வேண்டாமாம். அழல, அடம் பிடிக்கல. யாரும் சொல்லிக்குடுத்த மாதிரியும் தெரியல."

"ஐயா, அது லிஃப்ட்டுங்க..." என்று எழுந்தார்.

"எந்த லிஃப்ட்டு?"

சோப்பு டப்பாவையும் ரப்பரையும் நூல்கண்டையும் அந்தப் பெரிய மேசையின் முன்னால் எப்படிச் சொல்வது? வக்கீல் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். இனி ஞாயிறுதோறும் போன். மற்றதை இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று உத்தரவு.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் மனைவி எதிரே நின்றாள். மகள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருப்பாள் போலும். "வாழ்க்கையில மொதல் தடவையா ஒரு வேலையை நேரத்துக்கு முடிச்சிருக்கீங்க" என்றாள். சொல்லிவிட்டு, சொன்னதைத் தாங்க முடியாமல் அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. தாய்மாமன், கையைப் பிடித்தபடி மகள்.

"மழைக்கோட்டை இங்கேயே விட்டுட்டாளாம் அத்தான். எடுத்துட்டுப் போயிடறோம். ஒரு மணி நேரத்துல பஸ்."

மழைக்கோட்டு ஆணியில் தொங்கியது. எடுத்துக் கொடுத்தார். குழந்தை வாங்கவில்லை. நேராகக் கட்டடத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். சோப்பு டப்பாவில் ஒவ்வொரு பொத்தானாக எண்ணி வைத்தாள். எட்டு. மீதி மூன்றையும் கூடவே வைத்தாள். மெல்ல மேலே இழுத்தாள். ஆறு, ஏழு, எட்டு... பத்து. பக்கத்தில் இருந்த பென்சில் டப்பாவிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"பாப்பா!" என்றான் மாமன்.

நூல் அறுந்தது. பத்து மாடி உயரத்திலிருந்து சோப்பு டப்பா விழுந்தது. பொத்தான்கள் அறை முழுக்கச் சிதறி ஓடின.

"கெட்டுப்போச்சு" என்றாள். அறுந்த நூலைக் காட்டினாள். "கெட்டுப்போனா கூப்பிடுவாங்கல்லப்பா?"

அவர் மண்டியிட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"நீ தொடக்கூடாது. நூலைக்கூடக் கட்டக்கூடாது. மறுபடி முடிச்சு வெச்சிட்டன்னா அவ்வளவுதான்."

"தொடமாட்டேன் கண்ணு."

"ஏழாவது மாடிய பிச்சுடு. நான் வந்து பண்றேன்."

"சரிடா."

நாற்பது நாளும் போயே போய்விட்டது, உத்தரவில் முத்திரை விழுந்துவிட்டது, அறுந்த நூலுக்கு அங்கே மதிப்பில்லை என்று அந்தத் தகப்பன் எப்படிச் சொல்வான்? நீங்கள் சொல்வீர்களா? நான் சொல்லமாட்டேன்.

தாய்மாமன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் தரையில் குந்தினான். ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக. கட்டிலுக்கு அடியில் கையைவிட்டுத் துழாவிப் பொத்தான்களைப் பொறுக்கினான். பத்துதான் கிடைத்தது.

"இன்னொண்ணு எங்க போச்சுன்னு தெரியல அத்தான்." பத்தையும் அவர் உள்ளங்கையில் கொட்டினான். "தேடி வையுங்க."

"தேடி வைக்கிறேன் மாப்ள."

"வா பாப்பா. பஸ்சு போயிடும்."

நீலப் பையை அவள் கட்டடத்தின் மேல் வைத்தாள். மழைக்கோட்டை வாங்கிக்கொண்டாள். வாசல்படி தாண்டும்போது திரும்பிப் பார்த்தது அப்பாவை அல்ல, அறுந்து தொங்கிய நூலைத்தான். அது அங்கேயே இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டாள்.

லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தின் படிகளில் சின்னக் கால்கள் இறங்கும் சத்தத்தை அவர் நின்று கேட்டார். மூன்று. இரண்டு. ஒன்று. கீழே தெருக்கதவு அடித்துச் சாத்திய ஓசை மேலே வந்து சேர்ந்தது.

பிறகு அவரும் தம் கதவைச் சாத்தினார்.