இரண்டு கேட்டுக்கு நடுவே ஒரு டாக்ஸி

உலகத்தில் எத்தனை நாடு உண்டோ அத்தனை நாட்டு மோட்டார் இன்சூரன்ஸ் சட்டமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். சரி, அளந்துவிட்டேன். இரண்டு நாட்டுச் சட்டம் நன்றாகத் தெரியும், மற்றதெல்லாம் காதில் விழுந்தது. சில இடங்களில் இன்சூரன்ஸ் காரோடு போகும், யார் ஓட்டினாலும் சரி. சில இடங்களில் ஓட்டுகிற ஆளோடு ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் விலையிலேயே அதையும் சேர்த்துக் கறந்துவிடுகிற ஊரும் உண்டாம்.

அக்காவான எனக்கு இதில் வாத்தியார் என் தம்பி. எல்லை தாண்டி டாக்ஸி ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் அவனுக்கு ‘ஜாக்கிரதை’ என்று பெயர். காலையில் எழுந்ததும் நாலு டயரையும் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவான்.

அவன் பெண்டாட்டிக்கு ஒரு கண்ணில் சிறு வயதிலிருந்தே பார்வை கிடையாது. மற்றதும் மங்கிப்போக, எல்லையை ஒட்டி அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டுப் பிரிப்பது ஒரு சனிக்கிழமை மதியம். “முதல்ல உங்க மூஞ்சியத்தான் பார்ப்பேன். நீங்க வராம கட்டைத் தொட விடமாட்டேன்” என்று சொல்லியிருந்தாள். டாக்டரோ அன்று சாயங்காலமே வெளியூர் கிளம்புகிறவர்.

டாக்ஸியின் முன்கண்ணாடியில் தலைமுடி அளவு ஒரு கீறல். புதுப் பார்வையோடு வீடு திரும்புகிறவள் கீறல் வழியாகவா ரோட்டைப் பார்ப்பாள் என்று, அன்று காலையில் கண்ணாடியையே மாற்றிவிட்டான். எங்கள் நாட்டில் இன்சூரன்ஸுக்கு அத்தாட்சி கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கர்தான். பக்கத்து நாட்டிலும் அது செல்லும். பழைய கண்ணாடி போன வழியே ஸ்டிக்கரும் போயிற்று. டயரை உதைத்த மகாராசன் இதைக் கவனிக்கவில்லை.

வெளியே போகிற வண்டியை எங்கள் கேட்டில் யாரும் பார்ப்பதில்லை, தொலைந்தது சனியன் என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த கேட்டில்தான் அதிகாரி கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

“ஸ்டிக்கர் எங்கய்யா?”

“இப்பத்தான் சார் கண்ணாடி மாத்தினேன். கம்ப்யூட்டர்ல பாருங்க, இருக்கும்.”

“இருக்கு. கண்ணாடியில இல்லையே! அதோ அந்த ஜன்னல்ல தற்காலிக இன்சூரன்ஸ் தருவாங்க, போய் வாங்கிட்டு வா.”

வண்டியை நிறுத்திவிட்டுக் கம்பிக்கு அப்பால் நடந்து போனான்.

“வண்டியக் காட்டணுமே” என்றாள் ஜன்னலில் இருந்தவள்.

“கேட்டுக்கு அந்தாண்ட நிக்குதும்மா.”

“உள்ள கொண்டு வாங்க.”

“இன்சூரன்ஸ் இல்லாம உள்ள விடமாட்டேங்கிறாங்க.”

“ஆமா, விடமாட்டாங்க” என்றாள், அதில் ஏதோ தனக்கும் பங்கு இருப்பதுபோல.

வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்தால், அங்கேயும் ஸ்டிக்கர் கேட்டார்கள்.

“இப்பத்தானே சார் நீங்களே அனுப்பினீங்க?”

“போறது வேற, வர்றது வேற.”

மெக்கானிக்குக்குப் போன் போட்டான். பழைய கண்ணாடி குப்பை லாரியில் ஏறிவிட்டதாம். இன்சூரன்ஸ் ஆபீஸ் இனித் திங்கட்கிழமைதான் திறக்கும்.

முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பி. நடுவில் கூப்பிடு தூரத்துக்குத் தார் ரோடு. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஆளில்லாமல் நிற்கும் வண்டி இழுத்துச் செல்லப்பட்டு நசுக்கப்படும் என்று இரண்டு நாட்டுப் பாஷையிலும் பலகை வைத்திருந்தார்கள். அந்த வண்டி போனால் குடும்பத்துக்குச் சோறு போயிற்று. வண்டியோடு இருந்தால் பெண்டாட்டியின் கண் கட்டுக்குள்ளேயே கிடக்கும். புதுக் கண்ணாடி வழியாக வெயில் சுள்ளென்று இறங்க, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் போனில் வந்தாள்.

“எங்க இருக்கீங்க?”

“எங்கயும் இல்ல.”

“விளையாடாதீங்க. டாக்டர் பெட்டியைக் கட்டிட்டாரு.”

“நான் வர வழியில்ல. நீ பிரிச்சுக்கோ.”

“மாட்டேன்னா மாட்டேன்.”

அப்புறம் என்ன செய்தான் தெரியுமா? கதவைப் படாரென்று திறந்தான். சாவியைச் சுழற்றி அதிகாரியின் மடியில் எறிந்தான். “நசுக்கிக்கோ போ!” என்றான். ஒற்றைத் தாவலில் கம்பியைத் தாண்டி, ஒரு செருப்பு இந்த நாட்டிலும் ஒரு செருப்பு அந்த நாட்டிலுமாக உதிர, வழியில் போன பஸ்ஸை எல்லாம் முந்திக்கொண்டு ஓடி, சிங்கம் மாதிரி வார்டுக்குள் நுழைந்தான்.

எழுத எழுத நான் உரக்கப் படிப்பது வழக்கம். பக்கத்தில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தம்பி பெண்டாட்டி ஊசியை நிறுத்தினாள்.

“அண்ணி, போதும் நிறுத்துங்க. சிங்கமாவது புலியாவது! அவரு சீட்டை விட்டு அசையவே இல்ல. நான்தான் நர்ஸ் கையப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல கட்டோட அங்க நடந்து போனேன். நடந்து போறவங்களை அந்தக் கேட்டுல யாரும் ஒண்ணும் கேக்கல. டாக்டரும் முணுமுணுத்துக்கிட்டே கூட வந்தாரு. வண்டிக்குள்ள உட்கார வெச்சுத்தான் பிரிச்சாரு. சரி, மூஞ்சியப் பார்க்கலாம்னு திரும்பினா, இந்த மனுஷன் ரெண்டு கையாலயும் அதைப் பொத்திக்கிட்டு அழுதுக்கிட்டிருக்காரு. திங்கட்கிழமை வரைக்கும் ரெண்டு பேரும் அந்த வண்டியிலதான் கிடந்தோம். எழுதுறதுன்னா அதையும் எழுதுங்க.”