அரபிக்கடலில் ராஜபாளையம்

ராஜபாளையத்தை அரபிக்கடலில் கொண்டுபோய்ப் போட்டவன் நான்தான். வ. புதுப்பட்டியை அதற்கும் அப்பால், ஏடனுக்குப் போகிற கப்பல் தடத்தின் மேலேயே நட்டுவைத்தேன். அந்த இரண்டு ஊர்க்காரர்களும் இதுநாள்வரை என்மேல் வழக்குப் போடவில்லை. போட வேண்டியவள் ஒருத்தி இருந்தாள், அவளும் போடவில்லை. உலக விவகாரங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைக்கிறவன் இதையெல்லாம் ஒப்புக்கொள்வது தொழிலுக்கு நல்லதல்ல. இருந்தாலும் ஐம்பதைத் தாண்டிய பிறகு தொழிலைக் காட்டிலும் தூக்கம் பெரிதாகிவிடுகிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. யுத்தம் வருவதற்கு இரண்டொரு வருஷம் முன்னால். அப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் முனிசீப் கோர்ட்டில் நகல் எழுதுகிற வேலை. வீட்டில் எங்களோடு சித்தியும் இருந்தாள், அம்மாவின் தங்கை. நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்திலேயே பூகோளமும் தையலும் சொல்லிக்கொடுத்தாள். அது பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம். மீசை முளைக்கும் அபாயம் இல்லாத பையன்களை ஐந்தாம் வகுப்புவரை சகித்துக்கொண்டார்கள்.

சித்தியின் வேலை தற்காலிகம். மதுரையிலிருந்து இன்ஸ்பெக்டரம்மா வந்து, அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து, நல்லபடியாக எழுதிவிட்டுப் போனால் நிரந்தரம். இல்லாவிட்டால் வத்திராயிருப்பிலிருந்த தாத்தா ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார். வ. புதுப்பட்டி வேதக்கோயிலில் உபதேசியார், மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், சித்தியைவிடப் பதினாறு வயது மூப்பு. தாத்தாவின் கடுதாசியை அம்மா உரக்க வாசித்ததை நானும் கேட்டேன். வேலை நிலைத்தால் உன் இஷ்டம், நிலைக்காவிட்டால் என் இஷ்டம் என்று எழுதியிருந்தார். தாத்தா எப்போதும் சுருக்கமாக எழுதுகிறவர்.

பாடம், பகலும் இரவும் உண்டாவது எப்படி என்பது. அதற்கு வேண்டியது ஒரு விளக்கு, ஒரு பூகோள உருண்டை. பள்ளிக்கூடத்தில் உருண்டை இருந்தது. சீமையிலிருந்து எந்தக் காலத்திலோ ஒரு மிஷன் அம்மாள் அனுப்பிவைத்தது. பித்தளை அரைவட்டத்துக்குள் சாய்ந்தபடி நிற்கும். அதற்கு நூலில் பின்னிய உறை போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தலைமை ஆசிரியையம்மா இடுப்பில் சொருகியிருப்பார். எங்கள் ஊரில் தேருக்கு அடுத்தபடியாக வருஷத்துக்கு ஒருதரம் மட்டும் வெளியே வருவது அதுதான். அதையும் தேரைப் போல எட்ட நின்று பார்க்கலாம், தொட முடியாது. உலகம் உருண்டை என்பதை நாங்கள் மனப்பாடமாகத்தான் அறிந்திருந்தோம்.

தொடாத சாமானை வைத்துக்கொண்டு எப்படிப் பாடம் நடத்துவது? சித்தி கெஞ்சிக் கேட்டதன் பேரில், தலைமை ஆசிரியையம்மா ஒரு சனிக்கிழமை யாருக்கும் தெரியாமல் உருண்டையை எடுத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை விடியலில் திரும்பிவிட வேண்டும், வெளியே தெரிந்தால் தன் வேலையும் போய்விடும் என்று நாலு தடவை சொன்னாராம். சித்தி அதைக் கூடையில் வைத்து மேலே சேலையை மூடிக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டு அம்மாள் பலாப்பழமா என்று கேட்டாள். சித்தி ஆமென்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் சுளைக்காக மூன்று நாள் காத்திருந்துவிட்டு, பிறகு எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

ஜன்னலைச் சாத்தி, சிம்னி விளக்கை ஏற்றிவைத்து, சனிக்கிழமை மத்தியானம் முழுக்க ஒத்திகை நடந்தது. நான்தான் இன்ஸ்பெக்டரம்மா. அப்பாவின் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பேன். எனக்கு அந்த உத்தியோகம் மிகவும் பொருந்திவிட்டது.

"பூமி சுத்துதுன்னா நாம ஏன் விழல?" என்று கேட்டேன்.

"தேரு ஓடுதுல்ல, தேர்மேல நிக்கிறவிய விழுறாவளா?" என்றாள் சித்தி.

"சில பேரு விழுறாவ."

"இன்ஸ்பெக்டரம்மா அம்புட்டு வெவகாரமா கேக்க மாட்டாவலே" என்று சிரித்தாள். சித்தி சிரித்து நான் பார்த்த நாட்களில் அது ஒன்று. ஆகவே தேதி தவிர மற்றதெல்லாம் நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜபாளையத்திலிருந்து மாமா மகன் வந்து சேர்ந்தான். என்னைவிட மூன்று மாசம் மூத்தவன்; அந்த மூன்று மாசத்துக்காக நான் அவனை அத்தான் என்று கூப்பிட வேண்டும். மாமாவுக்கு அங்கே புதிதாக வந்த மில்லில் வேலை. அதனால் மில்லே இவனுடையது என்கிற மாதிரி பேசுவான். தெருவில் தெலுங்குப் பிள்ளைகளோடு விளையாடி, யாரைப் பார்த்தாலும் "ஏமிரா" என்று வேறு ஆரம்பிப்பான். சாயங்கால ஆராதனைக்கு அம்மாவும் சித்தியும் சீக்கிரமே கிளம்பிப் போனார்கள். அப்பா உள்ளே தூங்கினார். நாங்கள் இருவரும் உருண்டையும் தனித்து விடப்பட்டோம்.

அவனுக்குப் பெருமையாக உறையைக் கழற்றிக் காட்டினேன். அவன் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ராஜபாளையம் எங்கே என்று கேட்டான். தேடினோம். இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரும் இல்லை. இத்தனை பெரிய கோபுரம் சீமைக்காரர்கள் கண்ணில் படவில்லை என்பது எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவின் மேஜையில் நகல் எழுதும் காப்பி பென்சில் கிடந்தது. எச்சில் தொட்டு எழுதினால் ஊதாவாக விழும். அப்புறம் எமனுக்கும் அழியாது. கோர்ட்டுப் பென்சில் என்பதால் அதற்கு அதிகாரமும் உண்டு என்று நினைத்தேன். நாக்கில் ஒற்றி எடுத்து, இந்தியாவின் கூர்முனைக்குக் கொஞ்சம் மேலே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு புள்ளி வைத்தேன். மதுரையும் திருநெல்வேலியும் அதற்குள் அடங்கிவிட்டன.

"எங்க ஊரையும் போடுலே" என்றான் அத்தான்.

நியாயம்தான். ஆனால் எங்கே போடுவது? புள்ளியை ஒட்டிப் போட்டால் இரண்டும் ஒரே ஊராகிவிடும். அதற்கு நாங்கள் இருவருமே சம்மதிக்கத் தயாராயில்லை. பஸ்ஸேறிப் போகிற ஊருக்கு அரை விரற்கடையாவது இடைவெளி வேண்டாமா? தென்மேற்கே அரை விரற்கடை தள்ளினேன். ராஜபாளையம் மலையைத் தாண்டி, திருவிதாங்கூரையும் தாண்டி, கடலில் போய் விழுந்தது. அத்தானுக்குச் சந்தோஷம். சுற்றிலும் தண்ணீர் என்றால் மில்லுக்கு நல்லது என்றான். பேரையும் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னான். கடலில் இடத்துக்கா பஞ்சம்.

அந்த வேகத்தில் வ. புதுப்பட்டிக்கும் ஒரு இடம் பார்த்தேன். சித்தியைக் கொண்டுபோகப் பார்க்கிற ஊர் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பஸ்ஸில் போகிற ஊர் அரை விரற்கடை என்றால், மாட்டுவண்டியில் அரைநாள் போகிற ஊர் மூன்று விரற்கடைக்குக் குறையாது. மலையடிவார ஊர், மலை மேற்கே, ஆகவே மேற்கே மூன்று விரல் வைத்து அளந்தேன். அவ்வளவு தண்ணீரைத் தாண்டி அந்த உபதேசியார் எப்படி வருவார் என்று ஒரு திருப்தியும் உண்டாயிற்று. அங்கேயும் பேரெழுதினேன்.

எழுதி முடித்து எட்ட நின்று பார்த்தபோதுதான் உருண்டை பள்ளிக்கூடத்துடையது என்பது நினைவுக்கு வந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். பென்சில் தண்ணீருக்காகத்தான் காத்திருந்தது போல, நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி கடல் முழுக்க ஊதாவாகிவிட்டது. எழுத்துகள் மட்டும் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன. அத்தான், தான் அப்போதே வேண்டாமென்று சொன்னதாகச் சொன்னான். நான் அமெரிக்காவை முன்பக்கம் திருப்பிவைத்து உறையைப் போட்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அத்தான் ஊருக்குப் போனான். அதற்கு முன்பே, இருட்டோடு, சித்தி கூடையைத் தூக்கிக்கொண்டு போய் உருண்டையை அலமாரியில் சேர்த்துவிட்டாள். உறையைக் கழற்றிப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா வந்தது புதன்கிழமை. எனக்கு இரண்டு முழு நாள் இருந்தது. சொல்லியிருந்தால் சித்தி வேறு பாடம் எடுத்திருப்பாள். ஆரஞ்சுப் பழத்தை வைத்தாவது சமாளித்திருப்பாள். திங்கட்கிழமை சித்திக்குத் தலைவலி, சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை அப்பா இருந்தார், சொல்லவில்லை. செவ்வாய் சாயங்காலம் சித்தியே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்ஸ்பெக்டரம்மா, இன்னும் ஏதாச்சும் கேக்கணுமா?" என்றாள். நான் குடையை ஊன்றிக்கொண்டு, எல்லாம் திருப்தி என்றேன்.

வந்தவர் ஒல்லியான அம்மாள், குரல் மெதுவானது, கண்ணாடி போட்டிருந்தார். அவரைக் கெட்டவராகச் சித்திரிக்க எனக்கு ஆசைதான். அதற்கு இடம் கொடுக்காமல் நடந்துகொண்டார். எங்கள் வகுப்பில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். சித்தி விளக்கை ஏற்றி, உறையை எடுத்தாள். அமெரிக்கா வெளிச்சத்தில் இருந்தது. அங்கே பகல், அதனால் நாம் இருட்டில் தூங்குகிறோம் என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. தேர் உவமானத்தைச் சொன்னபோது இன்ஸ்பெக்டரம்மா தலையாட்டி நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். வாசலில் நின்ற தலைமை ஆசிரியையம்மா முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"இப்போ நம்ம தேசத்துக்கு விடியப் போகுது, பாருங்க" என்று சித்தி உருண்டையை மெல்லத் திருப்பினாள்.

விடிந்தது. சீனா, பர்மா, வங்காளம் எல்லாம் ஒழுங்காக விடிந்தன. அதன் பின்னால், அடிபட்டுக் கன்றிப்போன இடம் மாதிரி ஊதாக் கடல் வெளிச்சத்துக்கு வந்தது. சித்தியின் விரல் உருண்டையின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டரம்மா எழுந்து வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ராஜபாளையம் என்று எழுத்துக் கூட்டி வாசித்தார். உருண்டையைக் கொஞ்சம் திருப்பி, வ. புதுப்பட்டி என்றும் வாசித்தார். யார் எழுதியது என்று கேட்டார்.

சித்தி என்னைப் பார்த்தாள். என் கையெழுத்து அவள் திருத்தித் திருத்தி உண்டான கையெழுத்து. அவள் யோசிக்க வேண்டியதே இல்லை. இரண்டு மூச்சு நேரம் இருக்கும். நான் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தாம்மா. பிள்ளைகளுக்கு நம்ம பக்கத்து ஊரக் காட்டலாம்னு எழுதுனேன்" என்றாள்.

"ராஜபாளையம் கடல்லயா இருக்கு?"

இன்ஸ்பெக்டரம்மா வகுப்பைப் பார்த்துத் திரும்பி, ராஜபாளையம் எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்வீர்களா என்று கேட்டார். யாரும் கையைத் தூக்கவில்லை. பெண்பிள்ளைகளுக்கு இந்த மாதிரி சமயங்களில் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்திருந்தது. இதோடு இந்தக் கட்டுரையை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் இதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

என் கை உயர்ந்தது. கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் உயர்ந்துவிடும் கை அது. இன்றுவரை அந்த வியாதி தீரவில்லை. எழுந்து நின்று, ராஜபாளையம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தென்மேற்கே ஏழு மைல் தூரத்தில், இராமநாதபுரம் ஜில்லாவில், மலையடிவாரத்தில் இருக்கிறது, அங்கே கடல் கிடையாது என்று கணீரென்று சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் சித்தி சொல்லிக்கொடுத்தது.

இன்ஸ்பெக்டரம்மா என் கன்னத்தைத் தட்டி, "இந்தச் சின்னப் பையனுக்குத் தெரியுதே" என்றார். சித்தியைப் பார்த்துத்தான் சொன்னார். பையிலிருந்து ஒரு வர்ணப்படம் எடுத்துக் கொடுத்தார். பாய்மரக் கப்பல் ஒன்று கடலில் போகிற படம். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தாங்க்யூ சொன்னேன்.

வீட்டில் என்னை யாரும் விசாரிக்கவில்லை. கேள்விக்குப் பதில் வரலைக்கா என்று மட்டும் சித்தி அம்மாவிடம் சொன்னாள். பூகோள ஞானம் போதாது என்று நோட்டில் எழுதியிருந்ததாகப் பிறகு தெரிந்தது. பருவம் முடிந்ததும் வேலை போயிற்று. அடுத்த தையில் வ. புதுப்பட்டி கோயிலில் கல்யாணம். மாட்டுவண்டியில் அரைநாள் போனோம். மூன்று விரற்கடை சரியான அளவுதான் என்று வழியெல்லாம் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நான் கடலில் போட்ட ஊருக்கே சித்தியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

சித்தி என்னைக் காட்டிக்கொடுக்காததற்கு அப்போது நான் கண்டுபிடித்த காரணம், அவளுக்கு என்மேல் பிரியம் என்பது. காட்டிக்கொடுத்திருந்தால் உருண்டை வீட்டுக்கு வந்த கதையும் வெளியாகி, நம்பி அலமாரியைத் திறந்த தலைமை ஆசிரியையம்மாவின் வேலையும் போயிருக்கும் என்பது பதினைந்து வயதில்தான் புரிந்தது. அந்த இரண்டு மூச்சு நேரப் பார்வையை, பேசாமல் இரு என்கிற கட்டளையாகவே வெகுகாலம் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வசதியான அர்த்தம் அது. நீயாகச் சொல்லமாட்டாயா என்று கேட்கிற பார்வையாகவும் இருந்திருக்கலாம் என்பது எனக்கே பிள்ளைகள் பிறந்து, அவர்கள் சிலேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தோன்றியது.

போன வருஷம் புதுப்பட்டிக்குப் போனேன். சித்தப்பா காலமாகி வெகுநாளாயிற்று. மூத்தாள் பிள்ளைகள் இரண்டு, தன் பிள்ளைகள் மூன்று என்று ஐந்து பேரையும் சித்தி கரையேற்றிவிட்டாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போதே தயாரித்துவைத்திருந்த பேச்சு என்னிடம் இருந்தது. பென்சிலில் ஆரம்பித்து, கை தூக்கியதுவரை ஒன்று விடாமல் சொன்னேன். இரண்டு இடத்தில் குரல் தழுதழுக்கவேண்டும் என்று திட்டம். மூன்று இடத்தில் தழுதழுத்தது.

சித்தி ஒரு கல்லை எடுத்துச் சுண்டி எறிந்தாள். அவிய குடுத்த கப்பல் படம் இன்னும் இருக்கா என்று கேட்டாள்.

இல்லை. அது ஒரு வாரம்கூட என்னிடம் இருக்கவில்லை. கூடப் படித்த பையனிடம் கொடுத்துப் பம்பரத்துக்கு மாற்றிவிட்டேன். அதையும் சொன்னேன்.

சித்தி முறத்தை ஒருதரம் புடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பம்பரமாவது நல்லாச் சுத்துச்சாலே?" என்றாள்.