வேற்றுக்கிரகத்துப் படமும் சுபத்ராவின் புருஷனும்

அருப்புக்கோட்டையில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை வைத்திருந்த நவநீதகிருஷ்ணன் வாய் ஓயாத மனுஷன். கொட்டை வாங்க வருகிற, காடுகரை வைத்திருக்கும் சம்சாரியிடம் மாட்டின் சுழியிலிருந்து மருமகள் சண்டை வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் தராசைத் தொடுவார். சாப்பிட உட்கார்ந்தால் கேட்டதையெல்லாம் மனைவி சுபத்ராவிடம் கொட்டித் தீர்ப்பார். பிள்ளை இல்லாத வீட்டில் அவளுக்கு அந்தப் பேச்சே துணை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் பந்தல்குடி பக்கம் லாரி ஒன்று அவர் வண்டியை இடித்துவிட்டுப் போனது. தலையில் அடி. மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு மாசம் கிடந்து எழுந்து வந்தார். கை கால் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. பேச்சுதான் ஒன்றிரண்டு வார்த்தையோடு நின்றுபோயிருந்தது. சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். பத்து வருஷமாக 'நீ, வா, போ' என்று கூப்பிட்ட பெண்டாட்டியை, தெரியாத வீட்டுப் பொம்பளையைப் போல 'நீங்க' என்றார். அதைக் கேட்ட முதல் நாள் சுபத்ரா அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

கடையை அவர் தம்பி அசோக் பார்த்துக்கொண்டான். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் சுபத்ராவின் அப்பா வந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளைய திருச்சுழியில அவரு அக்கா வீட்டுல விட்டுருவோம். நீ நம்ம வீட்டுக்கு வந்துரு தாயி. எத்தன நாளைக்கு இப்படி?"

சுபத்ரா நவநீதகிருஷ்ணன் பக்கம் கையை நீட்டினாள். "இவுக அவுக இல்லப்பா. அதே மூஞ்சி, அதே குரலு. உள்ள வேற யாரோ இருக்காக. எனக்குப் பயமா இருக்கு."

அவர் அதே அறையில் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதெல்லாம் எட்டாது என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள். பொங்கல் கழித்துக் கொண்டுபோய் விடுவதென்று முடிவானது.

அதற்கு அடுத்த வாரம், நாலு இடத்துக்கு அழைத்துப் போகும்படி டாக்டர் சொன்னாரே என்று அசோக் அவர்கள் இரண்டு பேரையும் மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். தமிழில் பேச வைத்த இங்கிலீஷ் படம். வானத்திலிருந்து ஒரு கப்பல் இறங்குகிறது. அதில் வந்ததுகள் ஊர்ச்சனங்களின் உடம்புக்குள் ஒவ்வொன்றாய்ப் புகுந்துகொள்கின்றன. மூஞ்சியும் குரலும் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் வேறு. கடைசியில் ஒருத்தி தன் புருஷனையே பட்டாளத்துக்குக் கைநீட்டிக் காட்டிக்கொடுக்கிறாள். அவனைக் கொளுத்துகிறார்கள். கொட்டகை முழுக்கக் கைதட்டல். சுபத்ராவுக்குப் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெளியே டீக்கடை பெஞ்சில் கடையின் பழைய வாடிக்கைக்காரர் உக்கிரபாண்டி இருந்தார். திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி. அவரும் அதே ஆட்டம்தான் பார்த்திருந்தார்.

"கத இல்லய்யா இது," என்றார். "எங்க காட்டுல சீமக்கருவேலு வந்த மாதிரியே இருக்கு. வேலிக்குன்னு வந்துச்சு. இப்பப் பூராக் காடும் அதுதான். கொளுத்துனாலும் தூருலருந்து துளிர்க்குது."

அசோக் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படி இல்லண்ணே. வெள்ளக்காரன் வந்து நாட்டப் பிடிச்ச கததான் இது. அவன் அடுத்தவனுக்குச் செஞ்சத நெனச்சு, நமக்கும் ஒருநா எவனாச்சும் செஞ்சுருவானோன்னு பயந்து எடுத்துருக்கான்."

இரண்டு பேரும் மாறிமாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படம் தன் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது என்று சுபத்ரா யாரிடம் சொல்ல முடியும்? உக்கிரபாண்டி சும்மா மரியாதைக்கு நவநீதகிருஷ்ணனிடம் கேட்டார்: "மொதலாளி, நீங்க என்ன சொல்லுதீக?"

அவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வராது என்று அசோக் பேச்சை மாற்றப்போன நேரத்தில் வாயைத் திறந்தார்.

"பாவம், அதுக. போக வழி தெரியல. இருந்துட்டுப் போகுதுன்னு விட்டிருக்கலாம். அந்தம்மா கையக் காட்டிருச்சு."

விபத்துக்கு அப்புறம் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அசோக்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சுபத்ரா மட்டும் தெருவோரமாகப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். போன வாரம் நாற்காலியில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

மறுநாளே அப்பாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினாள், தான் எங்கேயும் வரப்போவதில்லை என்று. புருஷனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ தடவை பக்கத்தில் போய் நின்று, கேட்காமலே திரும்பினாள். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு வீட்டில் பேசுகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். தெருக்கதை, குழாயடிச் சண்டை எல்லாவற்றையும் இலை முன்னால் சொன்னாள். அவர் கேட்டாரா இல்லையா என்று தெரியாது. ஆனால் அவள் முடிக்கும் வரை கை கழுவ எழுந்திருக்க மாட்டார். வடகம் காயப்போட்டால் காக்கா வராமல் வெயிலில் நின்று காவல் காப்பார். ஒருதடவை அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது, பகல் முழுக்க ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் பிடித்தபடி கட்டிலருகே நின்றார். அதைக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அவளாக வாங்கிக் குடித்தாள்.

தொண்ணூற்றெட்டு வைகாசியில் வலிப்பு வந்து செத்துப்போனார். சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் பழைய வாயாடி நவநீதகிருஷ்ணனைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். "உனக்கு அவரு அன்னிக்கே போயிட்டாரு தாயி, இது ஒரு விடுதல," என்று அப்பா காதோடு சொன்னார்.

பதினாறாம் நாளுக்கு மாட்ட, அசோக் கல்யாணப் போட்டோவிலிருந்து அண்ணன் சிரிக்கிற முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தான். சுபத்ரா அதை வாங்கிப் பீரோவுக்குள் வைத்தாள். வோட்டுக்கார்டுக்காக எடுத்த சின்னப் படத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அதில் கண்கள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன.

"இதுல அண்ணன் மாதிரியே இல்லையே, மதினி."

"தெரியும்யா," என்றாள். "அவுகளுக்கு அழ இத்தன பேரு இருக்கீக. இவுகளுக்கு நான் ஒருத்திதான்."

அசோக் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனான்.