பூட்டிய அறைக்குள் அடித்த மணி

மந்திரமூர்த்தி கீழப்பாவூரிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்துத் தென்காசிக்கு வேலைக்கு வருகிற ஆள். பொதிகை விதைக் கழகத்தின் தென்காசிக் கிளையில் ஒன்பது வருஷமாக டைப்பிஸ்ட். ஒன்பது வருஷமும் தினக்கூலி. காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குப் பெயர் வெட்டு. இருந்தும் அந்த மனுஷனைப் போல வேலையை நேசித்தவர் அந்தக் கட்டடத்தில் யாரும் கிடையாது.

1988 ஏப்ரலில் மெட்ராஸ் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு டெர்மினல் வந்து இறங்கியது. டெலிவிஷன் மாதிரி ஒரு பெட்டி, முன்னால் டைப்ரைட்டர் போலக் கட்டைகள், பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு சாம்பல் நிற மோடம். டெலிபோன் வயர் அந்த மோடத்துக்குள் போகும். போன் வழியாக மெட்ராஸில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே நுழைந்துவிடலாம். நிரந்தர குமாஸ்தாக்கள் மூன்று பேரும் "கண்ணு அவிஞ்சு போயிரும்வே" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மதுரையில் நடந்த பத்து நாள் பயிற்சிக்கு தினக்கூலி மந்திரமூர்த்தி போனார். திரும்பி வந்தபோது பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார்.

உள்ளே நுழைவதற்கு ஒரு முறை உண்டு. மெட்ராஸ் நம்பரைச் சுழற்ற வேண்டும். மறுமுனையில் விசில் கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். திரை பெயரைக் கேட்கும், பிறகு பாஸ்வேர்டு கேட்கும். சரியாக அடித்தால், 'நன்றி, காத்திருக்கவும்' என்று காட்டிவிட்டு லைன் அறுந்துபோகும். அரை நிமிஷம் திரை இருண்டு கிடக்கும். அப்புறம் 'ணிங்' என்று சின்னதாக ஒரு சத்தம். திரை விழித்துக்கொள்ளும்.

"ஒருக்க செத்துத்தான் பொழைக்கும். அதோட சுபாவம் அது" என்று வீட்டில் மனைவி இராமலட்சுமியிடம் பெருமையாகச் சொல்வார். ஏன் சாகிறது, எப்படிப் பிழைக்கிறது என்று மதுரையில் சொல்லித்தரவில்லை. அங்கே கம்ப்யூட்டர் அடுத்த அறையிலேயே இருந்தது, நேரடி வயர். மாட்டிவிட்டுப் போன என்ஜினியரும் சொல்லவில்லை. பிழைத்துக்கொண்டிருந்த வரைக்கும் மந்திரமூர்த்தியும் கேட்கவில்லை.

ஜூனில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஐந்து வருஷம் தாண்டிய தினக்கூலிகள் எல்லாரும் நிரந்தரமாக்கப்படுவார்கள். பெயர்களை டெர்மினல் வழியாக மட்டுமே பதிய வேண்டும். ஜூலை முப்பது, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி கடைசி. காகிதப் பட்டியலில் போன வருஷம் போலி ஆட்களைச் சேர்த்துவிட்டார்களாம், அதனால் இந்தத் தடவை காகிதமே ஆகாது. பதியப்படாதவர்கள் செப்டம்பரோடு நிறுத்தப்படுவார்கள்.

தென்காசிக் கிளையில் பதினாலு பேர். பின்கட்டு ஷெட்டில் விதைநெல் தூற்றிப் புடைத்து மூட்டை தைக்கிற பதின்மூன்று பெண்கள், அப்புறம் மந்திரமூர்த்தி. ஆவுடைத்தாய்க்குப் பிறந்த தேதி தெரியாது. "பெரிய புயலடிச்ச வருசம்னு எழுதிக்கோ தம்பி" என்றாள். பாலம்மாளுக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழே இல்லை. ஒவ்வொன்றாக டாக்டரிடம் வயதுச் சீட்டு வாங்கி, கையெழுத்து வாங்கி, பட்டியல் தயாராகும்போது ஜூலை இருபத்தைந்து ஆகிவிட்டது.

அதற்குள் குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. சாரல் பிடித்தால் கிளை மேலாளர் சுப்புராமன் வருஷாவருஷம் செய்கிற காரியம் ஒன்று உண்டு. குற்றாலத்தில் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்து 'சீசன் ஆபீஸ்' போட்டுவிடுவார். மெட்ராஸிலிருந்து அதிகாரிகள் ஒவ்வொருவராக இன்ஸ்பெக்‌ஷன் என்று எழுதிக்கொண்டு அருவியில் குளிக்க வருவார்கள். அவர்களைக் கவனிக்க நாற்காலி, பைல், டீ கெட்டில் எல்லாம் குற்றாலம் போகும். தென்காசியில் முன்னறை பூட்டிக்கிடக்கும், பின்னால் ஷெட் மட்டும் ஓடும். இந்த வருஷம் நாற்காலியோடு டெர்மினலும் மோடமும் போயின. பங்களாவில் டெலிபோன் இருந்தது. மந்திரமூர்த்தியே வயரை மாட்டினார்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு முதல் தடவை சுழற்றினார். விசில் வந்தது. பெயர், பாஸ்வேர்டு. 'நன்றி, காத்திருக்கவும்.' லைன் அறுந்தது. செத்தது.

பிழைக்கவில்லை.

வயரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மோடத்தின் முதுகில் இருக்கிற எட்டு குட்டி சுவிட்சுகளை மதுரை நோட்டைப் பார்த்து மேலும் கீழும் தள்ளினார். சாரலில் லைன் நனைந்துவிட்டதோ என்று டெலிபோன் ஆட்களைக் கூப்பிட்டுக் கம்பத்தில் ஏறச் சொன்னார். ஒவ்வொரு முயற்சியையும் நேரத்தோடு நோட்டில் எழுதினார். அவர் வழக்கம் அது. செவ்வாய்க்கிழமை மட்டும் பதினாறு முயற்சிகள்.

அன்று சாயங்காலம் சைக்கிளை எடுக்கத் தென்காசி வந்தபோது, ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த பாத்திமுத்து கேட்டாள். அவளும் அந்தப் பதின்மூன்று பேரில் ஒருத்தி.

"அண்ணாச்சி, முன் ரூம்ல போனு கத்தோ கத்துன்னு கத்துது. ஆபீசு பூட்டிக் கெடக்குன்னு யாராச்சும் சொல்லப்படாதா?"

"எவனாவது வெதை கேட்டு அடிப்பான் பாத்திமுத்து. சலிச்சுப்போயி விட்டுருவான்."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். இதை எழுதும்போது அந்த இடத்தில் அவர் தோளைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது. யார் நிறுத்துவது?

புதன்கிழமை மெட்ராஸுக்குப் போன் போட்டார். தலைமை அலுவலகக் கம்ப்யூட்டர் அறையில் வேதா என்ற பெண் எடுத்தாள்.

"பாஸ்வேர்டு தப்பா இருக்குமோம்மா?"

"இல்லையே சார். நீங்க அடிக்கிறப்பல்லாம் இங்க சரின்னுதான் வருது. நேத்து பதினாறு தடவை சரின்னு வந்திருக்கு."

"அப்ப ஏம்மா உள்ள விடமாட்டேங்கு?"

"எதுக்கும் புதுசா மாத்தித் தரேன் சார், போட்டுப் பாருங்க."

புதிய பாஸ்வேர்டும் சரி என்றுதான் ஏற்கப்பட்டது. லைனும் அதே இடத்தில்தான் அறுந்தது. வியாழக்கிழமை இரண்டு வேளையும் அவர் சாப்பிடவில்லை. வாசலில் ஈரத்துண்டோடு போகிற சீசன் கூட்டத்தின் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆவுடைத்தாயும் பாத்திமுத்துவும் டவுன் பஸ் பிடித்துப் பங்களாவுக்கே வந்துவிட்டார்கள். வராந்தாவில் நின்ற சுப்புராமன் பார்த்தார்.

"என்னட்டி, வேலைய விட்டுட்டு அருவில குளிக்க வந்தியளா?"

"எங்களுக்கு அருவி எதுக்கு சார், மழையே மேல விழுது" என்று சொல்லிவிட்டு ஆவுடைத்தாய் நேரே மந்திரமூர்த்தியிடம் வந்தாள். "தம்பி, பேரு போயிட்டா? ஆய்க்குடி முருகனுக்கு நேந்திருக்கேன்."

"இன்னும் இல்லக்கா. லைன் நிக்கமாட்டேங்கு."

"அங்கன என்னன்னா போனு நிக்காம அடிக்கு, இங்கன லைனு நிக்கலங்குதீய" என்றாள் பாத்திமுத்து. "நேத்து பதினோரு மணி சங்கு ஊதையில அடிச்சுது. நாங்க கஞ்சி குடிக்கையில மூணு தடவை. அப்புறம் நாலு மணி டீ வரையில…"

மந்திரமூர்த்தி நோட்டைப் புரட்டினார். பதினொன்று. பன்னிரண்டரை, பன்னிரண்டு நாற்பது, பன்னிரண்டு ஐம்பது. நாலு மணி. எல்லாம் அவர் இங்கே சுழற்றிய அதே நேரங்கள். உடனே மெட்ராஸுக்குச் சுழற்றினார்.

"அம்மா, நான் கூப்பிட்ட பொறவு மெஷினு என்ன செய்யும்?"

"திருப்பிக் கூப்பிடும் சார். கண்டவங்க உள்ள வந்துடக் கூடாதுன்னு, பாஸ்வேர்டு சரியா இருந்தா கட் பண்ணிட்டு, பதிவு பண்ணின நம்பருக்கு அதுவே போன் பண்ணும். உங்களுக்கு தென்காசி ஆபீஸ் நம்பர். ஏன், நீங்க அங்க இல்லையா?"

ஐந்து நாளாக அந்தக் கம்ப்யூட்டர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது! பூட்டிய அறையில், ஒவ்வொரு தடவையும், மாறாமல். அவர் இங்கே அருவிச் சத்தத்துக்கு நடுவில் சுவிட்சைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நம்பர மாத்திருங்கம்மா. குற்றாலம் நம்பர் தாரேன்."

"எனக்கு அந்த அதிகாரம் இல்ல சார். எங்க கம்ப்யூட்டர் மேனேஜர் லட்சுமிநாராயணன் சார்தான் மாத்தணும். அவர் லீவுல குற்றாலம் வந்திருக்காரே!"

அவர் அந்தப் பங்களாவின் மாடியில்தான் இருந்தார். உடம்பு முழுக்க எண்ணெய், இடுப்பில் துண்டு. பொறுமையாகத்தான் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

"அந்த செட்டிங்கை மெட்ராஸ்ல அந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்துதான்ப்பா மாத்த முடியும். நான்தான் அப்படிப் பண்ணி வெச்சேன், பாதுகாப்புக்கு. திங்கக்கிழமை போய் மாத்தறேன்."

"நாளைக்கு அஞ்சு மணிதான் கடைசி சார்."

"அப்போ டெர்மினலைத் தென்காசிக்கே எடுத்துண்டு போயிடுங்கோ. சிம்பிள்."

மந்திரமூர்த்தி ஓடி இறங்கிச் சுப்புராமனிடம் சொன்னார். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நாளைக்குக் காலையில சேர்மன் மெஷினப் பாக்க வாராருவே. அவரு வரும்போது மேசை காலியா இருந்தா நான் என்ன பதில் சொல்ல? அவரு போன பொறவு தூக்கிட்டுப் போரும். அஞ்சு மணி வரைக்கும் நேரம் கெடக்குல்லா."

சனிக்கிழமை காலையிலேயே மந்திரமூர்த்தி தென்காசி முன்னறைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். வாடகை வேன் ஓட்டுகிற மசூதுவை வண்டியோடு வாசலில் நிறுத்தினார். பதினொரு மணிக்கு வர வேண்டிய சேர்மன் ஐந்தருவியில் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து மூன்றரைக்கு வந்தார். ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தார். திரையில் ஓர் எழுத்து விழுந்தது. "ஆச்சரியமா இருக்கே" என்றார். நாலு மணி பத்து நிமிஷத்துக்குக் கார் ஏறினார்.

பெட்டிகளை விதைச் சாக்கில் சுற்றி வேனில் ஏற்றினார்கள். சனிக்கிழமை, சீசன், எதிரும் புதிருமாய் டூரிஸ்ட் பஸ்கள். "ஹாரன் அடிய்யா மசூது!" "யார் மேல ஏறச் சொல்லுதிய அண்ணாச்சி?" மூன்று மைல் தூரத்துக்கு நாற்பது நிமிஷம். பதின்மூன்று பெண்களும் முன்னறை வாசலில் நின்றார்கள். ஷெட்டில் அன்றைக்கு யாருமே முறத்தைத் தொடவில்லை.

நாலு ஐம்பத்தாறுக்கு வயர்கள் மாட்டியாகிவிட்டது. சுழற்றினார். எங்கேஜ்டு. எத்தனை ஊர்க் கிளைகளோ கடைசி நேரத்தில் மோதிக்கொண்டிருக்கின்றன. மறுபடி எங்கேஜ்டு. மறுபடி. ஆறாவது தடவை விசில் வந்தது. பெயர். பாஸ்வேர்டு. 'நன்றி, காத்திருக்கவும்.' லைன் அறுந்தது. திரை இருண்டது.

'ணிங்.'

"எடுத்துட்டு! எடுத்துட்டு!" பாத்திமுத்து கைதட்டினாள். பாலம்மாள் குலவையே போட்டுவிட்டாள். ஆவுடைத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டு முருகா என்றாள்.

திரையில் இங்கிலீஷில் இரண்டே வரி: 'பதிவு நேரம் முடிந்தது. மணி 17:04.' அந்த அறையில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான்.

"எம் பேரு எங்க தம்பி? காட்டு, பாக்கேன்."

மந்திரமூர்த்தி திரும்பவில்லை. கட்டைகளில் விரல் வைத்து ஆவுடைத்தாய் என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தார். எழுத்துகள் வந்தன. விரல் வைத்துக் காட்டினார். அப்புறம் பாலம்மாள். அப்புறம் பாத்திமுத்து. எதையும் அந்த மெஷின் வாங்கிக்கொள்ளாது என்று அவருக்குத் தெரியும். பதின்மூன்று பெயரையும் அடித்தார். தன் பெயரை அடிக்கவில்லை.

அன்றிரவு தலைமை அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்தார். திங்கட்கிழமை வேதா அழாத குறையாகப் பேசினாள். லட்சுமிநாராயணன் இரண்டு கடிதம் எழுதிப் பார்த்தார் என்று கேள்வி. 'கிளையின் தாமதத்துக்குத் தலைமை அலுவலகம் பொறுப்பாகாது' என்று ஒரு பதில் வந்தது. கிளையின் பெயரில் சுப்புராமன் எழுதிய விளக்கத்தில் 'டெலிபோன் கோளாறு' என்று இருந்தது. அதை டைப் அடித்தவரும் மந்திரமூர்த்திதான்.

செப்டம்பர் கடைசி நாளில் பதின்மூன்று பெண்களும் கணக்கு முடித்து அனுப்பப்பட்டார்கள். மந்திரமூர்த்தியை அனுப்பவில்லை. மெஷினைத் தெரிந்தவர் வேறு யாருமில்லை. அதே தினக்கூலியில் இருக்கச் சொன்னார்கள், இருந்தார்.

பாத்திமுத்து மட்டும் தன் முறத்தை எடுத்துக்கொள்ள ஒருநாள் வந்தாள். செங்கோட்டையில் ஒரு ரைஸ்மில்லில் கேட்டிருக்கிறாளாம், இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம். போகும்போது வாசலில் நின்றாள்.

"அன்னிக்கி மணி அடிச்சுதே அண்ணாச்சி. நாங்க எல்லாரும் கேட்டோமே."

"ஆமா பாத்திமுத்து. அடிச்சுது."

மந்திரமூர்த்தி மெட்ராஸ் நம்பரைச் சுழற்றிக்கொண்டிருந்தார். லைன் அறுந்தது. திரை இருண்டது. அரை நிமிஷம் கழித்து மணி அடித்தபோது அவள் தெருவில் இறங்கியிருந்தாள். ஒரு நொடி நின்றாள், திரும்பிப் பார்க்காமல் முறத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தூறலில் நடந்தாள்.