நூற்பட்டியலில் நாலு கேள்விக்குறி

சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையைப் பற்றிய என் ஆய்வேட்டை அச்செடுத்துப் பார்த்தால், கடைசியில் நூற்பட்டியலில் தமிழ்ப் புத்தகங்களின் பெயர்களெல்லாம் வெறும் கேள்விக்குறிகள். "கேள்வியெல்லாம் நீயே கேட்டுட்டா, வைவாவுல நாங்க என்னத்தக் கேக்கறது?" என்று என் பேராசிரியர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லேப்டாப்போடு ஷேர் ஆட்டோ பிடித்து, கேளம்பாக்கத்தில் ஐ.டி. வேலையில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போனேன். "இன்னா மச்சான், யூனிகோடுல சேவ் பண்ணாம வுட்டுட்டியே. அதான் தமிழ் எல்லாம் பூட்ச்சு" என்றான். நல்லவேளை, என் மெயிலில் பழைய பிரதி இருந்தது. அதை யூனிகோடில் சேமித்து மறுபடி திறந்ததும் பெயர்களெல்லாம் பளிச்சென்று வந்து நின்றன.

ஒரே ஒரு புத்தகத்துக்கு மட்டும், வருஷம் வரவேண்டிய இடத்தில் நாலு கேள்விக்குறி அசையாமல் இருந்தது. "நீயெல்லாம் ஒரு ஐ.டி.காரன்!" என்று கத்தினேன். பாவம், அரைமணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பழைய புத்தகத்தில் முதல் தாள் கிழிந்திருந்தது. வருஷத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த நாலையும் தட்டி வைத்தவன் நான்தான்.

அவனிடம் சொல்லவில்லை. டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வைவாவில் பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் புத்தகம் எந்த வருஷம்?"