நானாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி

அந்தத் தொலைபேசி அழைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் கண்டி மஹய்யாவையில் குடியிருக்கும் ஆசிரியை. மூன்று வருடம் உழைத்து எழுதிய முதுகலை ஆய்வேடு என் மடிக்கணினியில் மட்டுமே இருந்தது. ஒருநாள் கணினியை இயக்கத் தொடங்கும் மென்பொருளுக்கான பயோஸ் அப்டேட் என்று திரையில் வந்ததை யோசிக்காமல் அழுத்தினேன். பாதியில் கரண்ட் போனது. பழைய பேட்டரி தாங்கவில்லை. அதன்பிறகு எத்தனை தரம் பொத்தானை அழுத்தியும் திரையில் வெளிச்சமே வரவில்லை.

அலவத்துகொடையைச் சேர்ந்த பாரூக்கை, முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல, நானா என்றுதான் அழைப்போம்; அவர் டவுனில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தார். அவரிடம் கொண்டுபோனேன்.

"ஒங்கட பைல் எல்லாம் பத்திரமா ஈக்கும் டீச்சர். அப்டேட் பாதியில நின்ட சிப்பத்தான் திரும்ப எழுதோணும்" என்றார்.

மூன்றாம் நாள் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் வெடித்தது. அவருடைய கடையையும் எரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் தொலைபேசியில் அழைத்தேன்.

"நானா, என் லெப்டொப்?"

அவர் உயிரோடு, சுகமாக இருக்கிறாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"கடையில ஒண்டும் மிஞ்சல்ல டீச்சர். அவங்க தீ வைக்க முந்தி ஆக்கள்ட மெஷின்களத்தான் வேன்ல ஏத்தினேன். ஒங்கட லெப்டொப் ஊட்டுல ஈக்குது. பயப்படாதீங்க."

ஊரடங்கு நேரத்தில் வீட்டிலேயே அதைத் திருத்தியும் வைத்திருந்தார். ஊரடங்கு தளர்ந்து நான் போனபோது, உடைந்த கடைக் கண்ணாடி கிழித்த இடது கையில் கட்டுப் போட்டிருந்தார். ஆய்வேடு அப்படியே திறந்தது.

"மன்னிச்சிக்குங்க நானா. உங்களப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல."

"பயத்துல கேட்டீங்க டீச்சர். நானும் பயந்துதான் ஈந்தேன்."

ஆய்வேட்டின் நன்றியுரையில் பேராசிரியர்களுக்கு முன்னால் அவர் பெயரை எழுதினேன். அந்த ஒரு வரி போதாது என்பது எனக்குத் தெரியும்.