மெல்ல நடக்க மறுத்த ஜீப்

ஸைனுலாப்தீனின் ஜீப் ஓடத் தொடங்கிவிட்டால் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புவரை ஒரே மூச்சில் போகும். அம்பாறைக் குடியேற்றத்தின் செம்மண் மேடுகளில் மூட்டை முடிச்சோடு எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஏறும். மாவடிப்பள்ளித் தாம்போதி என்னும் தாழ்பாலத்தில் மாரி வெள்ளம் முழங்கால் அளவு பாயும்போது மற்ற வண்டிகள் கரையில் காத்துக் கிடக்கும். அது மட்டும் நீரைக் கிழித்துக்கொண்டு அக்கரை சேரும். மெல்லப் போகச் சொன்னால்தான் வினை. மனிதர் நடக்கும் வேகத்துக்கு இறங்கியதும் எஞ்சின் குலுங்கும், இரண்டு முறை விக்கும், பிறகு அணைந்துவிடும்.

வாடகைக்கு ஓடும் வண்டிக்கு இது ஒரு குற்றமா என்று வெளியூரார் கேட்கக்கூடும். ஆனால், கல்முனைக் கரையோரத்து ஊர்களில் கலியாண மாப்பிள்ளை நடைவேகத்தில்தான் பெண்வீட்டுக்குப் போவார். முன்னால் பொல்லடிக்காரர் கோல்களை மோதி ஆடிக்கொண்டு செல்வார்கள். அவர்களுக்குப் பின்னால் பைத் என்னும் வாழ்த்துப்பா ஓதுவோர். அவர்களுக்கும் பின்னால், பூச்சரம் சுற்றிய வண்டியில், மாப்பிள்ளை. சொந்தக்காரர் வாசல்தோறும் நின்று, பன்னீரும் பாராட்டும் பெற்று, அந்த ஊர்வலம் ஆமைபோல் நகரும். வண்டிக்காரனுக்கு அன்று வேலை ஓட்டுவதன்று, ஓட்டாமல் ஓட்டுவது.

அந்த ஆண்டு, அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில், நோன்புக்கு முந்திய மாதம் கல்முனைக்குடியில் நடந்த ஒரு கலியாணத்தில் ஜீப் பள்ளிவாசலுக்கு நேர் எதிரே நின்றுவிட்டது. ஸைனுலாப்தீன் மீண்டும் கிளப்பினார், பத்து முழம் போய் மீண்டும் நின்றது. கடைசியில் மாப்பிள்ளையின் தோழர்கள் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தள்ளினார்கள். பொல்லடிக்காரர் அந்த இடத்திலேயே ஓர் அடியைக் கட்டி, தள்ளிவிட்ட மாப்பிள்ளை வாறார் என்று பாடி ஆடினார்கள். பெண்கள் வேலிக்குப் பின்னால் முக்காட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த மாப்பிள்ளையின் பெயர் இன்று எவருக்கும் நினைவில்லை; பட்டப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அதன் பின் கலியாணத்துக்கென்று ஸைனுலாப்தீனின் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை.

அவர் கரைவலைக்காரரின் மகன். கடல் அவருக்கு ஒத்துவரவில்லை. தோணியில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். யுத்த காலத்தில் பட்டாளத்து முகாம் ஒன்றில் லொறி கழுவும் வேலைக்குச் சேர்ந்து, கழுவிய லொறிகளை நகர்த்தி வைக்கப் பழகி, அப்படியே ஓட்டக் கற்றுக்கொண்டார். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட ஜீப் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டில் சாய்ந்தமருது முகம்மது தம்பியின் மூத்த மகள் நாச்சியாவைக் கைப்பிடித்து, ஊர் வழக்கப்படி பெண்வீட்டோடு குடியேறினார். அதிகம் பேசாத மனிதர். சோற்றில் கை வைத்திருக்கும்போது தெருவில் ஏதாவது மோட்டார் போனால், கவளத்தை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அதன் சத்தத்தைக் கேட்பார். கணவருடைய காதில் ஒன்று வீட்டுக்குள்ளும் மற்றது றோட்டிலும் இருப்பதாக நாச்சியா சொல்லிச் சிரிப்பதுண்டு.

நோன்புப் பெருநாள் கழிந்ததும் நாச்சியாவின் தங்கை றாஹிலாவுக்கு நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை பதியுதீன் மருதமுனைக்காரர். நெசவுச் சாரம், அதாவது கைலி, வியாபாரம் செய்பவர். நிக்காஹ் முடிந்து, ஊரின் எல்லையிலிருந்து ஊர்வலமாக அழைத்து வருவதாகப் பேச்சு. எந்த வண்டியில் என்பதைப் பற்றி முகம்மது தம்பி மருமகனிடம் வாயைத் திறக்கவில்லை. ஆனால், ஒருநாள் காலை, மருமகன் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் காதில் விழும்படி, தம் மனைவியிடம் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு காருக்குச் சொல்லியிருப்பதாகக் கூறினார்.

ஸைனுலாப்தீனுக்கு முகத்தில் ஊற்றிய நீர் சுட்டது. மூத்த மருமகன் ஒருவன் ஜீப்போடு அதே வீட்டு வளவில் இருக்கிறான். இளைய மருமகன் அந்த வளவுக்குள் வேற்றூர்க் காரில் வந்து இறங்கப் போகிறான். பெண்வீட்டில் வாழ்கிற ஆணுக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு வேறில்லை. மாமனாரைக் குறை சொல்லவும் வழியில்லை. தம் மகளின் மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு வர எந்தத் தகப்பன்தான் ஒப்புவான்?

அதற்கு முன்பே ஸைனுலாப்தீன் ஜீப்புக்குச் செய்யாத வைத்தியமில்லை. கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பிளக்குகளை மாற்றினார். பெற்றோல் குழாயை ஊதினார். வேகத் திருகாணியை ஏற்றி வைத்துப் பார்த்தார். எஞ்சின் அணையவில்லை, ஆனால் வண்டி கட்டறுத்த எருமைபோல் முன்னே பாய்ந்தது. அதைப் பொல்லடிக்காரரின் குதிக்காலுக்குப் பின்னால் விடவா முடியும்?

நோயின் இடம் தற்செயலாகத்தான் பிடிபட்டது. அந்த வாரம் வியாழக்கிழமை காலை எஞ்சினை ஓடவிட்டபடியே எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றியவர், எண்ணெய் தெறிக்காதிருக்க உள்ளங்கையால் அதைப் பொத்தினார். கை உள்ளே இழுபட்டது. அந்தக் கணமே எஞ்சினின் குலுக்கம் அடங்கியது. கையை எடுத்தார், மீண்டும் விக்கியது. பொத்தினார், அடங்கியது. அங்கேயே சற்று நேரம், குழந்தையின் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பவர்போல் நின்றார்.

அவருடைய நண்பன் சாமித்தம்பி கல்முனையில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் வேலை செய்தான். செய்தியைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு உடன் வந்தான். எஞ்சினின் வயிற்றில் சேரும் கரியாவியை உறிஞ்சி வெளியேற்ற, பட்டாளத்து ஜீப்புகளில் பிறீதர் வால்வு என்று ஒன்று உண்டு. பெருவிரலளவு பித்தளைத் துண்டு; உள்ளே ஒரு சிறு சுருள்வில். எஞ்சின் வேகமாக ஓடும்போது அது நன்றாகத் திறக்கும்; மெல்ல ஓடும்போது, ஊசிக் கண்ணளவு விட்டு, மூடிக்கொள்ளும். இந்த ஜீப்பிலோ வில் துருவேறி உடைந்து, வால்வு எப்போதும் வாயைப் பிளந்தபடி கிடந்தது. மெல்லப் போகும் நேரத்தில் வேண்டாத காற்றை அளவின்றி விழுங்கி, எஞ்சின் விக்கிச் செத்தது.

புது வால்வுக்குக் கொழும்புக்கு எழுதினால் கலியாணம் முடிந்து பிள்ளையும் பிறந்துவிடும் என்றான் சாமித்தம்பி. பிறகு அவனே ஒரு வழி சொன்னான். அட்டாளைச்சேனையில் பெரிய வயற்காரரான சீனிமுகம்மது போடியார், குடைசாய்ந்த ஜீப் ஒன்றின் எஞ்சினைத் தனியே எடுத்து, வயலுக்கு நீர் இறைக்க வாய்க்கால் கரையில் பூட்டி வைத்திருந்தார். இருவரும் அங்கே போனார்கள்.

போடியார் வரம்பில் குடை பிடித்து நின்றார். பயிர் கதிரைச் சூல்கொண்டு குடலைக்கு வரும் பருவம். தண்ணீர் ஒருநாள் தவறினாலும் தாங்காது. எஞ்சினைத் தொடுவதற்கே அவர் சம்மதிக்கவில்லை. ஸைனுலாப்தீன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பொல்லடிக்காரரின் பாட்டுவரை வந்ததும் சிரிப்பில் போடியாரின் குடை ஆடியது.

"அந்தத் தள்ளிவிட்ட மாப்பிள்ளைட வண்டி உங்கடதா?" என்று கேட்டார்.

"ஓம் போடியார்."

"கழட்டிக் கொண்டு போங்க. எண்ட எஞ்சின் எந்தக் கலியாணத்துக்கும் போறல்ல. ஆனாத் தண்ணி நிண்டுதெண்டா, உங்க ரெண்டு பேரையும் வாளி தந்து வயலுக்க இறக்குவன்."

இறைப்பு எஞ்சினுக்கு மெல்ல ஓடவேண்டிய வேலையும் இல்லை, வெளியே விட்ட கரியாவி முகத்தில் அடிக்க அதில் ஏறுவோரும் இல்லை. சாமித்தம்பி அதன் வால்வைக் கழற்றி, ஓட்டையை ஒரு போல்ட்டால் அடைத்து, கரியாவி வெளியேற வேறு வாய் விட்டுக் கொடுத்தான். சுற்றிலும் உடல் இல்லாமல் வெட்டவெளியில் நின்ற எஞ்சின் ஆகையால், ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் காரியம் முடிந்தது. தண்ணீர் முன்போலவே பாய்வதைப் பார்த்த பிறகுதான் போடியார் அவர்களுக்கு விடை கொடுத்தார்.

ஜீப்பிலோ அந்த இடத்தைக் கண்ணால் காணவும் முடியாது. கார்பரேட்டருக்குக் கீழே, புகைக்குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவே, கை நுழையாத இடுக்கு. குழாய்த் தொகுதி முழுவதையும் கழற்றினால் எட்டலாம். ஆனால், அதன் அடியில் காற்றுப் புகாமல் தடுக்கும் பழைய கஸ்கற் கிழிந்தால் மாற்றுக்கு வேறில்லை. ஜீப் அடியோடு படுத்துவிடும். கொல்லன் பட்டறையில் வளைத்த மரைச்சாவியால் பழைய வால்வை எப்படியோ இளக்கி விழுத்திவிட்டார்கள். புதியதை ஏற்றத்தான் சாவி உதவாது. மரையில் பொருத்தி வைக்க இரண்டு விரலாவது உள்ளே போகவேண்டும். ஸைனுலாப்தீனின் கை மணிக்கட்டோடு நின்றது. சாமித்தம்பியின் கை அந்த அளவுக்கும் போகவில்லை. பித்தளை மரை கோணலாக ஏறினால் அழிந்துவிடும். அப்புறம் போடியாரிடம் கேட்பதற்கு இன்னொன்று இல்லை.

எல்லாவற்றையும் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்த நாச்சியா, கணவரை உள்ளே அழைத்துத் தன் கையை நீட்டிக் காட்டினாள். சிறிய கை. அவர் தயங்கினார். அந்நிய ஆண் நிற்கும் வளவுக்குள் அவள் எப்படி வருவது? சாமித்தம்பி அதைச் சொல்லாமலே விளங்கிக்கொண்டான். கிடுகு வேலிக்கு அப்பால் போய், தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று, அங்கிருந்தே பக்குவம் சொல்லலானான். நாச்சியா வளையலைக் கழற்றிவிட்டு, கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வந்தாள். வண்டிக்கடியில் பாய் விரித்திருந்தது.

ஸைனுலாப்தீனை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் சாமித்தம்பி அழைப்பான். "காக்கா, முதல்ல பின்பக்கமா ஒரு சுத்துத் திருப்பச் சொல்லுங்க. மரை சேர்ற இடத்தில சின்னதா ஒரு துள்ளல் தெரியும். மறுகா முன்னுக்குத் திருப்பினாச் சரி."

"முதல்ல பின்பக்கமா ஒரு சுத்து..." என்று ஸைனுலாப்தீன் மனைவியிடம் தொடங்கினார்.

"எனக்குக் காது அடைக்கல்ல," என்றாள் அவள். முழங்கைவரை உள்ளே போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். வால்வு விரலை விட்டு நழுவிப் பாயில் விழுந்தது. மறுபடியும் எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் முறை அது உள்ளேயே நின்றது.

"லாம்புக்குத் தலை பூட்டுற மாதிரித்தானே? கேட்டுப் பாருங்க மச்சான்."

அவர் வேலிப் பக்கம் திரும்புமுன்பே அங்கிருந்து பதில் வந்தது. "ஓம் ராத்தா, அதேதான். அவசரப்பட வேணாம்."

நாச்சியாவின் தோள் மட்டும் மெல்ல அசைந்தது. பிறகு அது நின்றது. "துள்ளிச்சு," என்றாள். முன்பக்கமாகத் திருப்பத் தொடங்கினாள். தடையில்லாமல் ஏறியது. விரலால் இனித் திருகமுடியாது என்றதும் கையை வெளியே எடுத்தாள்; முழங்கைவரை கரியும் ஒரு நீளக் கீறலும். மீதி இறுக்கத்தை வளைந்த சாவி பார்த்துக்கொண்டது.

எஞ்சினைக் கிளப்பி, வேகத் திருகாணியைப் பழையபடி இறக்கினார் ஸைனுலாப்தீன். விக்கல் இல்லை. சுகமாக உறங்கும் ஆளின் மூச்சுப்போல ஒரே சீராக ஓடியது. வேலிக்கப்பால் சாமித்தம்பி எவருக்கென்றில்லாமல் கை தட்டினான்.

இனி மாமனாரிடம் சொல்லவேண்டும். வாயால் சொல்லி நம்பவைக்க அவரால் ஆகாது. முகம்மது தம்பி அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் புறப்பட்டபோது, ஜீப்பை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே போனார். மாமனாருக்கு முழங்கால் வாதம். அடி அடியாகத்தான் நடப்பார். ஜீப்பும் அடி அடியாக நகர்ந்தது. அவர் நின்றால் நின்றது. எஞ்சின் மட்டும் நிற்கவில்லை. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன மருமகன், ஏறச் சொல்றீங்களா, இல்ல எனக்குக் காவல் வாறீங்களா?" என்று முகம்மது தம்பி கேட்டார்.

"மாமாட நடைக்கு வண்டியும் நடக்குதா எண்டு பார்க்கிறன்."

முகம்மது தம்பி எதிரே வந்த பழைய கூட்டாளி ஒருவரை மறித்து, வேண்டுமென்றே நெடுநேரம் வயல் விளைச்சலைப் பற்றிக் கதைத்தார். ஒரு காது ஜீப்பில் இருந்தது. பிறகு பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது, தலை நிமிராமலே, "அக்கரைப்பற்றுக் கார் வேணாம் எண்டு ஆள் அனுப்புவம்," என்றார்.

அன்றைய தொழுகையில் ஸைனுலாப்தீன் நெற்றியை நிலத்தில் வைத்த ஸுஜூதில் இருந்து எழச் சற்றுத் தாமதமானதைப் பக்கத்திலிருந்தவர்கள் கவனித்தார்கள்.

கலியாணத்தன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு, பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில், ஊர்வலம் எல்லையிலிருந்து நகர்ந்தது. பொல்லடிக்காரர் வழக்கத்தைவிட மெதுவாக ஆடினார்கள். ஜீப் எப்போது நிற்கும் என்ற ஆசை அவர்கள் கண்ணில் தெரிந்தது. சாமித்தம்பி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, எஞ்சினுக்குப் பக்கத்தில் காதைச் சாய்த்தபடி நடந்தான். வாசலுக்கு வாசல் நின்றார்கள்; பன்னீர் தெளித்தார்கள். ஓரிடத்தில் யாரோ தள்ளக் கை வேணுமா என்று கேட்டார். பின்னாசனத்திலிருந்த பதியுதீனே, தள்ளுறதெண்டா உங்களத்தான் தள்ளவேணும் என்று சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஸைனுலாப்தீனும் சேர்ந்துகொண்டார். நெடுநாளுக்குப் பிறகு ஊரோடு சேர்ந்து சிரிக்க முடிந்தது அன்றுதான்.

வளவு வாசலில் றாஹிலாவின் தம்பி செம்பு நீரோடு காத்து நின்று, மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்துப் போனான். கூட்டம் பின்னே போயிற்று. ஸைனுலாப்தீன் மட்டும், ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல், ஜீப்பிலேயே இருந்தார். முகம்மது தம்பி பந்தலுக்குள்ளிருந்து திரும்பி வந்தார்.

"இன்னும் என்ன? நிப்பாட்டிப்போட்டு வாங்க மகன். சாப்பாட்டுச் சஹனைச் சுத்தி ஆக்கள் இரிக்காங்க. உங்களுக்காகத்தான் சோத்துல கை வைக்கல்ல."

ஸைனுலாப்தீன் சாவியைத் திருப்பினார். அந்த மாலையில் முதன்முறையாக, அவர் சொல்லி, எஞ்சின் நின்றது.